ஊதா

வீட்டுக்கு மஞ்சள். கடைக்குச் சிவப்பு.
பள்ளிக்கூடம் நீலம்.
ஆலைக்கு ஊதா.
யார் தீர்மானித்தது என்று தெரியாது;
எக்குவா அமிசா வேலைக்குச் சேர்ந்தபோதே
ஊதாப் பென்சில்தான் சீக்கிரம் தேய்ந்துகொண்டிருந்தது.

எண்ணெய் வந்தபின் வீங்கிய ஊர் தக்கோராடி.
வாடகை ஏறியது, லாரிச் சத்தம் ஏறியது,
முந்தாநாள் சதுப்பாய்க் கிடந்த இடத்தில்
நேற்று ஒரு ஹோட்டல் ஏறி நின்றது.
இனி ஊர் தன்பாட்டுக்கு வளரக் கூடாது,
முதலில் காகிதத்தில் வளரட்டும் என்றது மேலிடம்.

ஆகவே காகிதம்.
தென்மேற்கு மூலையில், கடலை ஒட்டி,
நானூற்றுப் பத்து ஹெக்டேர்:
சிமெண்ட் அரைக்கும் ஆலை, கோகோக் கிடங்கு,
இன்னும் பெயர் கிடைக்காத நான்கு பெட்டிகள்.
குறிப்பு ஒன்று: காலி நிலம்.
குறிப்பு இரண்டு: காற்று வடகிழக்கிலிருந்து; புகை கடலுக்குப் போய்விடும்.

எல்லைக்கல் நடப் போன அன்று
காலி நிலத்தில் பத்தொன்பது கொட்டகைகள்.
உள்ளே மீன் புகைந்தது.
பழைய கன்டெய்னருக்குள் மூன்று தையல் மிஷின்,
பஞ்சர் ஒட்டுகிற எபோ,
கென்கே விற்பவள், அவளிடம் கடன் சொல்பவர்கள்.
பெயர்ப்பலகை இல்லாததால்
கணக்கெடுப்பின்படி அங்கே
ஒருவரும் வேலை செய்யவில்லை.

"எங்கே ஊன்றப் போகிறீர்கள்?" என்றாள் அராபா எஷுன்,
கம்பி வலையில் மீனைத் திருப்பியபடி.
"உன் அடுப்பு இருக்கிற இடத்தில்" என்றார் சர்வேயர் பெய்டூ.
பொய் வராத மனிதர்.
"அப்படியானால் சாப்பிட்டுவிட்டு ஊன்றுங்கள்.
ஆறினால் நன்றாயிருக்காது."

பெய்டூ சாப்பிட்டார்.
எக்குவா தகரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பத்தொன்பது கொட்டகைக்கும்
கடல் பக்கம்தான் அடைப்பு. ஒன்றுகூட மாறவில்லை.
புகை கடலுக்குப் போகவில்லை.
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி
தரையோரமாய் ஊருக்குள் நடந்தது,
மஞ்சளின் மேலே,
பள்ளிக்கூட நீலத்தின் மேலே.

காற்றை அளந்தவர்கள் எப்போது வந்தார்கள்?
அலுவலகப் பேரேட்டில் இருந்தது:
ஜனவரி நான்கு முதல் பதினேழு வரை.
ஹார்மட்டான் பாலைப் புழுதியோடு இறங்குகிற காலம்.
காற்று ஆண்டுக்கொருமுறை
ஊரைப் பார்த்துவிட்டுப் போக வருகிற திசை அது.
ஆலோசகர்களின் நாட்டில் அப்போது குளிர்.
அவர்கள் வருவதும் அதனால்தான்.

விருந்தாளியை அளந்து
வீட்டுக்காரனுக்குச் சட்டை தைத்திருக்கிறோம்.

ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினாள்.
இயக்குநர் படித்தார், கண்ணாடியைத் துடைத்தார்,
திரும்பவும் படித்தார்.
"வரைபடம் அச்சுக்குப் போய்விட்டதே, எக்குவா."
காற்று போகவில்லை என்று சொல்லியிருக்கலாம்.
மாடிப்படி இறங்கும்போதுதான் தோன்றியது.

அதிலும் ஒன்று நெருடியது.
திரும்பும் வழியில் எபோ ஜீப்பை மறித்து,
டயரைத் தட்டிப் பார்த்து, காசு வாங்க மறுத்து,
ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தான்:
"ஆலை எப்போது? எட்டு மணி நேர வேலைதானே?
சங்கு ஊதினால் வீட்டுக்குப் போய்விடலாம்தானே?"
அவனுக்கு முதுகுவலி. வயது இருபத்து மூன்று.
அராபாவுக்கு அந்த இடம் வேண்டும்.
எபோவுக்கு அந்தச் சங்கு வேண்டும்.
காகிதத்தில் இரண்டுக்கும் சேர்த்து
ஒரு நிறம்தான் இருந்தது.

இரவு எல்லோரும் போனபின்
கைப்பிரதியை மேசையில் விரித்தாள்.
நாலு மூலைக்கும் நாலு கூழாங்கல்.
தென்மேற்கை அழித்தாள்.
வடகிழக்கில் ரப்பர் தோட்டம் இருக்கிறது,
அதற்குள்ளும் யாரோ இருப்பார்கள்,
நாளைக்கு நடந்துதான் பார்க்க வேண்டும்.
ஊதா முழுசாய் அழிவதில்லை.
தாளோடு ஒரு சாயல் நின்றது,
வாயருகே கொண்டுபோய்
இன்னும் ஊதாத சங்குபோல.

புழுக்கம் தாளாமல் ஜன்னலைத் திறந்தாள்.
கல்லைத் தள்ளிவிட்டு
முதலில் எழுந்தது
அந்த மூலைதான்.